இரண்டாம் கியரில் வந்த சத்தம்

இன்று பின்கொட்டிலை ஒதுக்கும்போது உங்களுடைய பழைய சாரம் ஒன்று கையில் அகப்பட்டது. எத்தனை தரம் துவைத்தும் கியர் ஒயில் மணம் அதை விட்டுப் போகவில்லை. மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“கியர் விழுற சத்தம் பக்கத்தில இருக்கிறவனுக்குக் கேக்கப்படாது” என்பீர்கள். கலியாணமான புதிதில், வயல் வட்டையில் லொறிக்கு நெல் ஏற்றிக்கொண்டு செங்கலடி ஆலைக்குப் போகும்போது, உங்கள் அருகில் நான் நித்திரையே கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட உங்கள் கையில்தான், ஒரு வெள்ளாமைக் காலத்தில், லொறி கரகரக்கத் தொடங்கியது. இரண்டாம் கியருக்கு மாற்றும்போதும் பின்னுக்கு எடுக்கும்போதும் பல்லோடு பல் நெரிபடும். ஒயிலை மாற்றினீர்கள். கிளச்சைச் சரிபார்த்தீர்கள். மாதங்கள் போயின, சத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை. “கிழட்டுச் சனியன், பல்லெல்லாம் தேஞ்சு போச்சு” என்று லொறியை ஏசினீர்கள்.

கடைசியில் ஏறாவூரில் உங்கள் கூட்டாளியின் கராஜுக்குப் போனோம். கியர் பெட்டியைக் கழற்றுவதற்கு முன் ஓடிப் பார்ப்போம் என்று அவரே சாரதி ஆசனத்தில் ஏறினார். சந்திவரை போய்த் திரும்பினோம். ஒரு சத்தமும் இல்லை.

“இப்ப நீ ஓடு மச்சான்” என்றார்.

நீங்கள் ஓடினீர்கள். இரண்டாம் கியரில் கரகரவென்றது.

“பல்லுத் தேஞ்சிருந்தா எனக்கும் கத்தியிருக்கும். கிளச் முழுசா இறங்குதில்ல. நல்லா மிதி.”

“அடிமட்டும் மிதிச்சுத்தான் இரிக்கன்.”

அவர் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். உங்கள் இடக்கால் பாதிவழியில் நின்றது. செருப்பு கழன்று கீழே கிடந்தது.

“மச்சான், செருப்பு எங்க?”

“காலிலதானே கிடக்கு” என்றீர்கள்.

அவர் லொறியை ஓரங்கட்டச் சொல்லி, கை நீட்டிச் சாவியைத் திருப்பினார். பிறகு உங்கள் தோளில் கை வைத்தார். “லொறிக்கு ஒண்டுமில்ல. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போ.”

முதுகுத்தண்டில் ஒரு கட்டி வளர்ந்து நரம்பை நசுக்கிக்கொண்டிருந்ததாம். “கொஞ்சம் முந்தி வந்திருந்தால்...” என்று தொடங்கிய டாக்டர், உங்கள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அந்த முந்திய மாதங்களில் நாம் ஒயில் மாற்றிக்கொண்டிருந்தோம். எப்போது நினைத்தாலும் மனம் ஆறுவதில்லை.

நெல் வெட்டு முடிந்து வட்டை வெறுமையாய்க் கிடந்த ஒரு பின்னேரம், “ஒருக்கா ஓடிப் பாப்பம், கிளச்ச நீ மிதி புள்ள” என்றீர்கள். எனக்குப் பயம். ஆனாலும் நெருங்கி இருந்து வலக்காலை நீட்டினேன். நீங்கள் “ம்” என்றதும் உள்ள பலமெல்லாம் சேர்த்து மிதித்தேன். கியர் விழுந்தது எனக்குக் கேட்கவே இல்லை. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். நோய் வருத்தம் வந்தபிறகு நீங்கள் அப்படிச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

“இன்னொருக்கா போவமா?” என்று பிறகும் கேட்டீர்கள். மாரி தொடங்கி, வட்டை முழுக்க வெள்ளம். “தண்ணி வத்தட்டுங்க” என்றேன். தண்ணீர் வற்றியபோது உங்களால் எழும்பி இருக்க முடியவில்லை. வாசலில் நின்ற லொறியில் சும்மாவாவது உங்களை ஏற்றி, ஸ்டியரிங்கைப் பிடிக்க விட்டிருக்கலாம். அந்த யோசனை உங்களை அடக்கம் செய்து வந்த பிறகுதான் எனக்கு வந்தது.

உங்களுக்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் எதைப் பழுது என்று சொன்னாலும் முதலில் அந்த ஆளைத்தான் பார்க்கிறேன். நேற்று அடுத்த வீட்டுத் தையல்காரப் பிள்ளை வந்து, “அக்கா, மிசின் நேரா ஓடுதில்ல, விக்கப்போறன்” என்றாள்.

“மிசின் கிடக்கட்டும் புள்ள. உனக்குக் கண் நல்லாத் தெரியுதா?”

அவள் சிரித்தாள். நான் ஊசியையும் நூலையும் கொடுத்துக் கோக்கச் சொன்னேன். நூல் ஊசியின் காதைத் தேடித் தேடித் தவறியது. அவள் சிரிப்பு நின்றது.

நாளைக் காலை அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.