தெரிந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை

ஜூன் 8

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

நலம். உன் நலமும் உன் கண்ணாடியின் நலமும் அறிய ஆவல். போன கடிதத்துக்கு நீ பதிலே போடவில்லை. கல்லூரி விடுதியில் பேனாவுக்குப் பஞ்சமோ? "ஒரு போன் வாங்கித் தொலையேன்டி" என்று திட்டுவாய். வாங்கினாலும் நான் என்ன பேசப் போகிறேன்? போனைக் காதில் வைத்ததும் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எனக்குக் காகிதத்தில்தான் வாய்.

வேலை எப்படி என்று கேட்டிருந்தாய். இரவல் இல்லத்தில் கட்டில், சக்கர நாற்காலி, வாக்கர் எல்லாம் இல்லாதவர்களுக்குச் சும்மா கொடுக்கிறோம் என்பது உனக்கே தெரியும். அப்பா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்தபோது கட்டில் கொடுத்ததும் இவர்கள்தானே. கொண்டுபோய்க் கொடுக்க, இல்லத்தை நடத்தும் நர்ஸம்மாவும் டிரைவர் அண்ணனும் போவார்கள். திரும்ப வாங்கிவர என்னை அனுப்புகிறார்கள். கொடுக்கப் போகிறவர்களை எல்லோரும் கும்பிடுவார்கள். வாங்கப் போகும்போது பெரும்பாலும் கட்டிலில் படுத்திருந்தவர் இருக்க மாட்டார்.

நேற்று ஒரு வீட்டில் மகன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே" என்றார். எங்கள் பலகையில் பதினான்கு பேர் காத்திருக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அரை மணி கழித்து அவரே தூக்கிவந்து வேனில் வைத்தார். "ஊமைப் பொண்ண அனுப்பினா வேலை சுலபமா முடியுது" என்று டிரைவர் அண்ணன் சிரிக்கிறார்.

கொட்டகையை டிசம்பரில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேனும் இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருக்கிறது. "வேற வழி தெரியல, டிசம்பரோட மூடிட வேண்டியதுதான்" என்கிறார் நர்ஸம்மா. உன்னிடம் சும்மா சொல்கிறேன். வேறு யாரிடம் சொல்வேன்?

இப்படிக்கு,
நீ பெயர் வைத்த ஊமைக்கோட்டான்


ஜூலை 2

என் கோட்டானே,

பேனா கிடைத்துவிட்டது, திட்டாதே. ஒரு செய்தி சொல்கிறேன், கத்தாமல் படி. கத்த மாட்டாய், தெரியும்.

எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால் தாத்தா வைத்துவிட்டுப் போன அறக்கட்டளையில் எனக்கும் ஓர் இடம் கொடுத்துவிட்டார்கள். பெரிய ஆபீஸ் என்று நினைத்துக்கொள்ளாதே. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான். அப்பா, அத்தை, சித்தப்பா, இப்போது நான். வருடத்துக்கு ஒரு நாள் தட்டுகளை எடுத்துவிட்டுக் கோப்புகளைப் பரப்புவார்கள். வெளியிலிருந்து யாரும் தாமாகக் கேட்க முடியாது. எங்களில் ஒருவர்தான் ஓர் இடத்தைக் கொண்டுவர வேண்டும். அத்தை நேரில் போய்ப் பார்ப்பார். பிறகு நான்கு கையும் உயர வேண்டும். ஒரு கை மேசைமேல் கிடந்தாலும் போச்சு.

நான் உங்கள் இல்லத்தைக் கொண்டுவந்துவிட்டேன்! பேப்பரில் படித்ததாகச் சொன்னேன். காரணம் இருக்கிறது. நாலு வருடம் முன்பு சித்தப்பா தன் சிநேகிதரின் இசைப்பள்ளிக்கு நிதி வாங்கிக் கொடுத்தார். அத்தை போய்ப் பார்த்தால் அங்கே ஒரு புல்லாங்குழல்கூட இல்லை, சிநேகிதர் வீட்டுக்கு மாடி மட்டும் முளைத்திருந்தது. அன்றைக்கு அத்தை போட்ட சட்டம், தெரிந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை. எங்கள் நால்வரில் ஒருவருக்கு அங்கே வேலை செய்யும் ஒருவரைத் தெரிந்தாலும் கோப்பை மூடிவிடுவார்.

ஆகஸ்டில் அத்தையோடு நானும் வருவேன். நீ யாரோ, நான் யாரோ. எங்கள் வீட்டுக் கேட்டைத் தாண்டி நீ ஒருநாளும் உள்ளே வந்ததில்லை, அது நல்லதாகப் போயிற்று. உனக்கு இதில் என்ன கஷ்டம்? நீதான் பேசவே மாட்டாயே.

உன்
சோடாபுட்டி


ஜூலை 11

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

படித்ததும் கொட்டகைக்குப் பின்னால் போய் இரண்டு தடவை குதித்தேன். மூன்றாவது குதிக்கும்போது பயம் வந்துவிட்டது.

உன் அத்தையிடம் உள்ளதைச் சொன்னால் என்ன? "அவ என் பழைய தோழி, ஆனா இடம் நல்ல இடம், நீங்களே நல்லா விசாரிச்சுக்குங்க" என்று சொல்லக் கூடாதா? இல்லாவிட்டால் நீங்கள் வரும் அன்றைக்கு நான் காய்ச்சல் என்று லீவு போட்டுவிடுகிறேன். நர்ஸம்மாவிடம் உன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் நீ பள்ளியில் இருந்தாய், உன் முகம் அவர்களுக்குத் தெரியாது. அவர் கொட்டகைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறார். மூடப்போகிற கொட்டகைக்கு வெள்ளையடிப்பது எனக்கு எப்படியோ இருக்கிறது.

கோட்டான்


ஜூலை 16

கோட்டான்,

லீவு போடாதே. ஊழியர் பட்டியல் அத்தையிடம் இருக்கிறது, ஒருவரைக்கூட விட மாட்டார். உண்மையைச் சொன்னால் அந்த நிமிடமே முடிந்தது. பத்து நிமிடம்தான். பல்லைக் கடித்துக்கொள்.

சோ.பு.


ஆகஸ்ட் 20

சோடாபுட்டிக்கு,

நீங்கள் வந்துபோய் மூன்று நாளாகிறது. எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

உன் அத்தை நல்லவர். குனிந்து ஒவ்வொரு கட்டிலின் ஸ்க்ரூவையும் ஆட்டிப் பார்த்தார். சக்கர நாற்காலியில் தானே உட்கார்ந்து உருட்டினார்.

"பிரேக் பிடிக்கலையே?"

"நாளைக்கு மாத்திடுவோம்மா" என்று டிரைவர் அண்ணன் வழிந்தார்.

"எந்த வருஷத்து நாளைக்கு?" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நீ நோட்டோடு அவர் பின்னால் நின்றாய். நான் ரெக்சின் மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண் யார் என்று கேட்டார். "கை சுத்தம்மா, வாய்தான் திறக்காது" என்றார் நர்ஸம்மா.

"உன் வயசுதான் இருக்கும் போல. நீயே ஏதாவது கேளேன்" என்று அத்தை உன்னிடம் சொன்னார்.

நீ கேட்டாய். பெயர் கேட்டாய், சொன்னேன். "எதுவரைக்கும் படிச்சீங்க?" என்றாய். பத்து முடிக்கவில்லை என்றேன். எழுதிக்கொண்டாய். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அப்பா என்ன பண்றாங்க?"

"இல்லைங்க."

"ஓ, சாரி. எப்போ?"

"ரெண்டு வருஷமாச்சு."

அதையும் எழுதிக்கொண்டாய். நான் உன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து அப்பா தலைமாட்டில் உட்கார்ந்து பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தை வாசித்தவள் நீ. ஆட்டக்காரர் பெயரைத் தப்பாகச் சொன்னால் அப்பா கண்ணாலேயே சிரிப்பார். கடைசியாக அவர் வாயைத் துடைத்துவிட்டதும் நீதான். நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். உனக்குத்தான் அது எப்போது என்று நிமிடத்தோடு தெரியும். எனக்குத் தெரியாது.

நீ மிக நன்றாக நடித்தாய். கொஞ்சம் மோசமாக நடித்திருக்கலாம்.

கோட்டான்


செப்டம்பர் 15

என் கோட்டானுக்கு,

நான்கு கையும் உயர்ந்தது. மூன்று வருடத்துக்கு. கொட்டகை வாடகை, ஒரு வேன், ஆறு புதுக் கட்டில்.

அதை முதலில் எழுதிவிட்டேன். மற்றதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் நாக்கில் சனி. அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாத பெண்ணிடம் என்ன கேட்பார்களோ அதைக் கேட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். வாயை விட்டு வந்த பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. "எப்போ" என்று ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. காரில் அத்தை, "ஏன்டி அழறே?" என்றார். "பாவம் அந்தப் பொண்ணு" என்றேன். அது பொய் இல்லை.

இன்னொன்று இருக்கிறது. நமக்குள் அறிமுகம் இல்லை என்று வருடாவருடம் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த மாதம் நான் விடுதியை விட்டு அத்தை வீட்டுக்குப் போகிறேன். அங்கே தபாலைப் பிரிப்பது அவர்தான். உன் கடிதம் அந்த வீட்டுக்கு வரக் கூடாது. மூன்று வருடம், கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

நீ முடியாது என்றால் அத்தையிடம் நாளைக்கே உண்மையைச் சொல்கிறேன். ஆனால் கோப்பை மூடிவிடுவார். நீ எது சொன்னாலும் செய்கிறேன். நீயே சொல்லு.

உன்
சோடாபுட்டி


செப்டம்பர் 27

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

நீயே சொல்லு என்று எழுதிவிட்டாய். இதுவரை என்னிடம் யாரும் எதையும் முடிவு செய்யச் சொன்னதில்லை. பள்ளியை விட்டதுகூட யாரும் முடிவு செய்ததில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நாள் போய்விட்டது.

பலகையில் முதல் பெயர் ஒரு தையல்காரரின் மனைவி. தரையிலேயே படுத்து முதுகெல்லாம் புண். அந்த மனிதர் நாள் தவறாமல் வந்து பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவார். நேற்று நர்ஸம்மா, "அடுத்த மாசம் கட்டாயம்" என்று சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள், அதனால் உங்களுக்குக் கட்டில் இல்லை என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்?

அத்தையிடம் எதுவும் சொல்லாதே.

கோபமா என்று கேட்காதே. இருக்கிறது. தினமும் காலையில் குறைந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். குறைவதற்குள் கடிதத்தை நிறுத்த வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்று வருடம் கழித்து எழுது என்று சொல்ல ஆசைதான். ஆனால் மூன்று வருடம் முடிந்ததும் நர்ஸம்மா மறுபடி உங்களிடம்தான் கேட்பார். பலகையில் அப்போதும் பெயர் இருக்கும். அதனால் நான் நாள் குறிக்கவில்லை. நீயும் குறிக்காதே.

நன்றாகப் படி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டே தூங்காதே.

கோட்டான்


மறு ஆண்டு, செப்டம்பர் 1

மதிப்பிற்குரிய அறக்கட்டளை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தாங்கள் அளித்த நிதியின் முதலாண்டு அறிக்கையை இத்துடன் அனுப்புகிறோம். நிர்வாகி அம்மாவுக்குக் கை நடுக்கம் இருப்பதால் அவர் சொல்லச் சொல்ல ஊழியராகிய நான் எழுதுகிறேன்.

ஆறு கட்டில்களும் இதுவரை பத்தொன்பது வீடுகளுக்குப் போயின. தையல்காரர் ஒருவரின் மனைவிக்கு முதுகுப் புண் ஆறிவிட்டது. இப்போது உட்கார்ந்து பொத்தான் தைக்கிறார். மற்ற விவரம் பட்டியலில் உள்ளது. வேன் நன்றாக ஓடுகிறது. பலகையில் ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள்.

படிவத்தின் ஏழாம் கேள்வி: நிதியைப் பெற்றதில் ஏதேனும் சிரமம் உண்டா? சொல்லும்படி ஒன்றும் இல்லை.

எட்டாம் கேள்வி: இங்கே பணிபுரியும் எவருக்கும் தங்கள் குடும்பத்தில் எவரையும் தெரியாது. நிர்வாகியும் டிரைவரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

தங்கள் உண்மையுள்ள,
உதவியாளர்,
இரவல் இல்லம்