பாட்டிலில் இருந்த ஒன்பது வருஷம்

வைகாசி 3, ஞாயிறு
வெயில் கொடூரம். ஒன்பது மணிக்கே மொட்டை மாடிக் குழாயில் வெந்நீர். பட்டாசு ஆலைகளில் வெடிமருந்து கலக்குவதை ஏழுக்கே நிறுத்தியிருப்பார்கள். நான் போர்மேனாக இருந்தால் ஆறரைக்கே நிறுத்தியிருப்பேன்.

மகள் மாரீஸ்வரி ஜெர்மனியிலிருந்து ஒரு மாத லீவில் வந்திருக்கிறாள், மாப்பிள்ளை இல்லாமல். சூட்கேஸில் சென்ட் பாட்டில் ஒன்றுகூட இல்லை. ஐந்து கிலோ ரை மாவு. பழைய ஜாம் பாட்டிலில் புளிமாவு, தயிருக்கு உறைமோர் மாதிரி ரொட்டியைப் பொங்க வைப்பது. ரை என்பது கோதுமைக்குப் பங்காளி. கறுப்பு.

இன்று ரொட்டி. முழு ரை மாவு, புளிமாவு, உப்பு, தண்ணீர். ஈஸ்ட் கிடையாது. பிசைய வராது, களிமண் மாதிரி ஒட்டும். டின்னில் அள்ளிப் போட்டு, பொங்கியதும் ஓவனில் ஒரு மணி நேரம். அங்கே பொங்க அரை நாள் ஆகுமாம். நம் திருத்தங்கலில் இரண்டரை மணி நேரம்!

கலந்தது அவள். உப்புப் போட்டது நான். அதாவது முக்கால்வாசி வேலை என்னுடையது.

வைகாசி 4, திங்கள்
ஒரு நாள் ஆறவிட்டு இன்றுதான் வெட்டினோம். கருப்பட்டி நிறம். நல்ல புளிப்பு. வீட்டுக்காரி செல்லம் சொன்னது: "செங்கலைப் புளிக்க வச்சிருக்கீக." சொல்லிக்கொண்டே கருவாட்டுக் குழம்பில் தொட்டு மூன்று துண்டு.

டீக்கடை. மச்சினன் காளிராஜ் பிரஸ்ஸுக்குப் போகும் வழியில் உட்கார்ந்திருந்தான். நான் சுட்ட ரொட்டி என்றேன். ஜெர்மனியில் மந்திரிமார் மட்டும் தின்பது என்றேன். மாரி அங்கே போய் இறங்கிய கதையும் வந்துவிட்டது. ஏர்போர்ட்டில் கம்பெனி மேனேஜரே மாலையோடு நின்றது, மூன்று காரில் கூட்டிப்போனது.

"மச்சான், போன தடவ ஒரு காருதான வந்துச்சு. இன்னைக்கு மூணா?"
"பெட்டி படுக்கைக்கு ஒண்ணு வேணாமாலே?"
"அப்ப மூணாவது?"
"மாலைக்கு."

கடையே சிரித்தது. டீ நன்றாக இருந்தது.

வைகாசி 5, செவ்வாய்
மாரி கோவில்பட்டிக்கு, மாமியார் வீட்டுக்கு. நாத்தனாருக்கு நிச்சயதார்த்தம். ஞாயிறு வருவாள். அதுவரை பாட்டில் என் பொறுப்பு. அவள் சொன்னபடி எழுதியது:

தினம் காலை.
ஒரு ஸ்பூன் புளிமாவு தனியே எடுத்து வைக்கவும்.
அதில் மாவு 2 ஸ்பூன், தண்ணீர் 2.
மிச்சத்தில் ரொட்டி சுடலாம்.

பஸ் ஏறும்போது: "ஒம்பது வருசமா வளக்கேன்ப்பா. இது செத்தா இன்னொண்ணு வராது. பாத்துக்கோங்க."
"முப்பத்திரண்டு வருசம் மருந்து கலந்தவன் தாயி நான்."

வைகாசி 6, புதன்
இன்று தனி ஆளாக ரொட்டி. ஸ்பூன் கணக்கெல்லாம் பழகாதவர்களுக்கு. என் கையே தராசு. பாட்டிலை அப்படியே ரொட்டி மாவில் கவிழ்த்தேன். ரொட்டி டின்னைத் தாண்டி எழும்பியது. மாரி சுட்டதைவிட ஒரு விரல் உயரம். (செல்லம் அரை விரல் என்கிறாள்.)

வேலை சுத்தம். பாட்டிலை மூன்று தண்ணீரில் கழுவி நிழலில் கவிழ்த்தாயிற்று. கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது. அன்றைக்கே தீர்த்து, சட்டியைக் கழுவிவிட்டுத்தான் ரூமை விட்டு வெளியே வர வேண்டும். என் காலத்தில் எம். புதுப்பட்டி ஆலையில் ஒருநாளும் இதில் பிசகியதில்லை.

வைகாசி 7, வியாழன்
காலை ஏழு மணி. பாட்டிலுக்கு மாவு போடப் போனேன். பாட்டில் பளபள என்று கவிழ்ந்திருக்கிறது.

நிமிர்த்திப் பார்த்தேன். அடியில் ஒரு பொட்டு மாவு இல்லை.

செல்லம்: "ஒரு ஸ்பூன் எடுத்து வைக்கச் சொன்னாளே!"
"எழுதித்தான் வச்சிருக்கேன்."
"எழுத்த வச்சிருக்கீக. மாவ எங்க?"

நேற்றுச் சுட்ட ரொட்டியில் ஒரு துண்டைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். அதிலிருந்துதானே வந்தது, உயிர் ஒட்டியிருக்காதா? மதியம் கஞ்சியாகிவிட்டது. கோழிகூட மூக்கைத் திருப்பியது.

காளிராஜ் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். வெறும் ரை மாவும் தண்ணீரும் கலந்து வைத்தால் ஒரு வாரத்தில் புதிது உண்டாகுமாம். நம் வெயிலுக்கு மூன்று நாள் போதும். பாட்டிலில் போட்டு மூடினேன். பார்த்தால் அசல் அதேதான்.

வைகாசி 8, வெள்ளி
குமிழி! அதற்குள் இரண்டு பங்கு எழும்பிவிட்டது. ஒன்பது வருஷ வேலை, ஒரே நாளில்.

மாரி போன்: "பாட்டில் எப்பிடிப்பா இருக்கு?"
"மூடியவே தள்ளுது தாயி."
பொய் இல்லை. எந்த மாவு என்று அவள் கேட்கவில்லை.

வைகாசி 9, சனி
தட்டையாகிவிட்டது. ஒரு குமிழி இல்லை. ஊறிய சாக்கு நாற்றம். மாவு கொடுத்தேன், இடம் மாற்றினேன், அதட்டியும் பார்த்தேன். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளலாமா என்று யோசித்தேன். என்னவென்று சொல்லி நேர்வது?

செல்லம்: "வந்ததும் சொல்லிருங்க. கதை சோடிக்காதீக."
மதியம் சோறு இறங்கவில்லை. வெயில்தான் காரணம்.

வைகாசி 10, ஞாயிறு
பதினொரு மணிக்கு மாரி வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"இது அது இல்ல."

மூன்று கதை தயாராக வைத்திருந்தேன். பூனை, வெயில், பாட்டில் விரிசல். மூன்றையும் விட்டேன். புளிமாவு எல்லாத்தையும் ரொட்டிக்குப் போட்டுவிட்டேன், பாட்டிலைக் கழுவிவிட்டேன் என்றேன். அவ்வளவுதான். என் வாழ்நாளில் இவ்வளவு சுருக்கமாக நான் எதையும் சொன்னதில்லை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"போன புதுசுல, கல்யாணத்துக்கு முன்னாடி, ஒரு ஆளு பேசக் கெடையாதுப்பா. வேல விட்டா ரூமு. மாவையும் தண்ணியையும் கலந்து சன்னல்ல வச்சேன். தினமும் அதுகிட்டதான் பேசுவேன், தமிழ்ல. ஏழாம் நாள் பொங்குச்சு. ஊருக்குத் திரும்பிர டிக்கெட் பாத்துட்டு இருந்தவ, அன்னைக்குத்தான் அந்த நெனப்ப மூடி வச்சேன்."

"மேனேஜரு கார் எடுத்துட்டு ஏர்போர்ட்டுக்கு வந்தாருன்னு சொன்னியே தாயி?"

"யாரும் வரலப்பா. ரெண்டு ரயில் மாறி நானா போனேன். நீங்க டீக்கடையில சொல்லணும்ல, அதுக்காகச் சொன்னேன்."

மாலை நான் சேர்த்தது. முதல் கார் அவள் சேர்த்தது.

பாட்டிலைச் சாக்கடையில் ஊற்ற எடுத்துப் போனேன். "கொட்டாதீங்கப்பா," என்றாள். வாங்கி அலமாரியில் வைத்தாள்.

வைகாசி 11, திங்கள்
புழுக்கம்.  குழம்பு நன்றாக இருக்கிறது என்று மாரி அம்மாவிடம் மட்டும் சொன்னாள். பாட்டிலில் ஓரமாக நாலைந்து குமிழி. நம்பவில்லை.

டீக்கடையில் காளிராஜோடு பிரஸ்ஸுக்குப் புதிதாக வந்த ஆள் ஒருவர். "மச்சான், இவரு கேட்டதில்ல. அந்த மூணு காரு கதைய எடுத்து விடுங்க."
வேலை கிடக்கிறது என்று எழுந்துவிட்டேன். டீ பாதியில். "மச்சானுக்குக் காய்ச்சலாலே?" என்று பின்னால் கேட்டது.

வைகாசி 12, செவ்வாய்
காலை ஆறரை. பாட்டில் நிறையப் பொங்கியிருக்கிறது. நாற்றம் போய்ப் பச்சை ஆப்பிள் வாசனை. மாவு 2, தண்ணீர் 2. மாரி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஜெர்மனியில் அந்தச் சன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்று கேட்டேன்.
"எதிர்வீட்டுச் சொவருப்பா."

அப்புறம் தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். செல்லம் இரண்டு தடவை இட்லிக்குக் கூப்பிட்டாள். நான் நகரவில்லை. கையில் மாவு காய்ந்துபோனது. முதல் பனி விழுந்த அன்றைக்கு அவளிடம் செருப்புதான் இருந்ததாம்.