தார்பாயா, மாடியா

மே 6

இன்று ஐரோலி ஆபீசில் எங்கள் ஆண்டாப் ஹில் சந்தே என் திரையில் வந்தது. வீடுகளை இடித்துவிட்டு ஃபிளாட் கட்டித் தரும் திட்டம். பழைய விமானப் படத்தையும் புது ட்ரோன் படத்தையும் ஏஐ ஒப்பிட்டு, எந்த மாடி கட்-ஆஃப் வருஷத்துக்கு முந்தியது என்று சொல்லும். முந்தியதென்றால் மாடிக்கும் தனி ஃபிளாட். அது சொல்வது சரியா என்று பார்ப்பது என் வேலை. வீட்டில் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

எங்கள் மாடியை ‘முந்தியது’ என்கிறது. பொய்! அந்த வருஷத்துக்குப் பிறகு, நான் பத்தாவது படிக்கும்போது அப்பா கட்டியது.

மே 7

பஸ்ஸில் வரும்போது புரிந்தது. பழைய படம் மே மாதக் கடைசியில் எடுத்தது. மழைக்கு முன்னால் எல்லாரும் தாட்பத்ரி, அதான் தார்பாய், கட்டிவிடுவோம். மூங்கிலில் தூக்கிக் கட்டிய நீலத் தார்பாயை மாடி என்று நினைத்துவிட்டது.

அப்பா கூரைமேல் நிற்பார். நானும் ஸ்டெர்லின் அண்ணனும் கீழே கயிற்றை இழுத்துப் பிடிப்போம். கை நழுவினால், “ஏட்டி, சோறு திங்கலியா நீ?” தேங்கிய மழைத் தண்ணீரைக் கம்பால் தள்ளப்போய், ஒருநாள் மொத்தமும் அம்மா தலையில்! அப்படிச் சிரித்தோம்.

மாடியில் அண்ணன், ரீனா மதினி, கைக்குழந்தை. அது போனால் ஆறு பேரும் ஒரே ஃபிளாட்டில்.

மே 9

சொல்லாமல் இருந்தால் என்ன? நானா பொய் சொல்கிறேன்? மெஷின்தானே.

மே 13

டீம் லீட் ஹரிதா, மாட்டுங்காத் தமிழ்க்காரி, என் பின்னால் வந்து நின்றாள். “ஜோஸ்பின், நீ அந்தப் பக்கம்தானே? இந்த ப்ளூ எல்லாம் நிஜமாவே மாடியா?”

“தாட்பத்ரி.”

வாய் தவறி வந்துவிட்டது. தவறியா? எழுதும்போதாவது உண்மையைச் சொல்லித் தொலை — அவள் முன்னால் கெட்டிக்காரி ஆக வேண்டும் என்று இருந்தது. அவளுடைய ஒரே கிளிக்கில் முப்பத்தெட்டு வீட்டு மாடி சிவப்பாகிவிட்டது. சிவப்பென்றால் ஃபிளாட் இல்லை.

ஜூன் 3

மாடிக்கு ஃபிளாட் கிடையாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அப்பா சோற்றில் கை வைக்கவில்லை. “எந்த நாசமாப் போவான் இத எழுதிக் குடுத்தான்? அவன் வெளங்குவானா?” மதினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள்.

நான் சாப்பிட்டேன். என்ன ஜென்மம் நான்!

ஜூன் 7

ஆட்சேபணை மனு எழுத சந்தே எங்கள் வாசலில். அப்பாதான் கூட்டி வந்தார். “எம்மவ கம்ப்யூட்டர் ஆபீஸ்லயாக்கும் இருக்கா. அவ எழுதுனா எடுபடும்.” பக்கத்து வீட்டு ராபியா அக்கா எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

‘படத்தில் தெரியும் நீலம் தார்பாய் அல்ல, மாடிதான்.’ முப்பத்தெட்டு முறை எழுதினேன். விரல் மடங்கவில்லை.

ஜூன் 16

மனுக்கள் ஸ்கேன் ஆகி வந்துவிட்டன. ஹரிதா சிரித்தாள். “எல்லாம் ஒரே ஆள் எழுத்து. யாரோ ஏஜென்ட் வேலை. நீதானே கண்டுபிடிச்சே, நீயே முடிச்சுடு.”

ஏற்றால் ஆதாரம் காட்ட வேண்டும். என்ன ஆதாரம் இருக்கிறது? மதியத்துக்குள் முப்பத்தேழைத் தள்ளினேன். அமிர்தநாதன் என்று அப்பா பெயரைப் பார்த்ததும் கை நின்றது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அதையும் தள்ளினேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அம்மா கேட்டாள்: “மனு என்னாச்சுன்னு உனக்கு எதும் தெரியுமாட்டி?”

“பாத்துட்டு இருக்காங்களாம், அம்மா” என்றேன்.