முதுகுளத்தூர் கட்டு தொண்டிக்குப் போன நாள்

மச்சான்,

போன செவ்வாய்க்கிழமை பேத்திக்கு ஒரு பார்சல் அனுப்பத் தபால் நிலையத்துக்குப் போயிருந்தேன். கவுண்டருக்கு உள்ளே ஒருவர் அரக்கை நெருப்பில் காட்டி ஒரு கட்டின் மேல் சொட்ட விட்டார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு வரிசை மறந்துவிட்டது. பின்னால் நின்றவர் "நகருங்க பெரியவரே" என்று இரண்டு தடவை சொன்னாராம். நான் அப்போது நம் ஆபீசில் இருந்தேன். நீ சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டு விரலால் அழுத்திப் பிடித்திருக்கிறாய். நான் அரக்கை உருக்கி ஊற்றுகிறேன். ஒரு சொட்டு உன் விரலில் விழுகிறது. "ஏலே, என்னையும் சேத்து சீல் வச்சு பஸ்ஸுல போட்டுரு, ஊரு போய்ச் சேந்துருவேன்" என்கிறாய்.

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன் மச்சான். நம்பு. எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. போன வருஷம் போய்ச் சேர்ந்தேன். இப்போது இரண்டு நாளைக்கு ஒரு பக்கம் எழுதுகிறேன். கை வலித்தால் நிறுத்தி, எழுதினதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதுவே ஒரு சுகம். முதல் கடிதம் யாருக்கு என்று யோசிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நீ போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது என்பது ஒரு தடையாகவும் தோன்றவில்லை.

ராமநாதபுரத்தில் பல்கலைக்கழகம் வைத்திருந்த அந்தச் சின்ன நிர்வாக அலுவலகம் உனக்கு நினைவிருக்கும். ஓட்டுக் கட்டிடம், நான்கு மேசை, நினைத்தால் பேசும் ஒரு டெலிபோன். ஐம்பதுகளின் கடைசி அது. வேலை பார்த்துக்கொண்டே தனியாகப் படித்துப் பரீட்சை எழுதுகிறவர்களுக்கு விண்ணப்பம் வாங்குவது, ஹால் டிக்கெட் அனுப்புவது, விடைத்தாளைச் சென்னைக்கு ஏற்றுவது, இதுதான் நம் வேலை. ஹெட் கிளார்க், டைப்பிஸ்ட் அக்கா, அனுப்புதல் பிரிவுக்கு நீ, பியூனாக நான். நாலே பேர்.

பியூனுக்கு எழுத்து வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி. எனக்குத் தெரியாது. விண்ணப்பத்தை வேறு ஒருவர் நிரப்பிக் கொடுத்தார். நான் பழகி வைத்திருந்த கையெழுத்தை மட்டும் வரைந்தேன். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். மறுபடியும் மிளகாய்க் காட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. அந்தப் பயத்தோடுதான் தினமும் காக்கிச் சட்டையைப் போட்டேன்.

மூன்றே வாரத்தில் நீ கண்டுபிடித்தாய். டீக்கடையில் வைத்து மெதுவாகக் கேட்டாய்.

"மாப்ளே, கட்டைக் குடுத்தா நீ கட்டைப் பாக்க மாட்டேங்கிற. எங்க மூஞ்சியத்தான் பாக்குற. என்ன விசயம்?"

டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டேன். "ஹெட் கிளார்க்கிட்ட சொல்லிருவியா?" என்றேன்.

"சொல்லி? எனக்கு என்ன பதக்கமா குத்தப் போறாரு? டீயைக் குடி, ஆறுது."

மறுநாள் காலையில் நீ ஒரு யோசனையோடு வந்தாய். நம்மிடமிருந்து கட்டுகள் போவது மூன்று ஊர்களுக்கு. தொண்டிக் கட்டுக்கு உங்கள் ஊரில் வலை பின்னும்போது போடுகிற முடிச்சு. ஆர்.எஸ்.மங்கலத்துக்கு, நெல் மூட்டையின் வாயைக் கட்டுவதுபோல் இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைக் காது மாதிரி விட்டுவிடுவது. முதுகுளத்தூருக்கு எங்கள் பக்கத்து ஆட்டுக் கயிற்று முடிச்சு. அதை நான்தான் உனக்குக் காட்டிக் கொடுத்தேன். நீ நாலு தடவை தப்பாகப் போட்டாய். "இந்த லட்சணத்துல கட்டுனா ஆடு மானாமதுரை போயிரும்" என்று நான் சிரித்தேன். அரக்கு விழுந்த பிறகும் முடிச்சின் உருவம் விரலுக்குத் தெரியும். கட்டைக் கையில் வாங்கின உடனே எந்த பஸ் என்று எனக்குத் தெரிந்துவிடும். நாலு வருஷம் ஒரு கட்டுகூட வழி மாறவில்லை.

நடுவில் ஒரு தடவை சிலேட்டு வாங்கி வந்தாய். "அஞ்சு நிமிசம் உக்காரு மாப்ளே." நான் உட்காரவில்லை. வெட்கம் ஒரு பக்கம். முடிச்சு போதுமே என்ற திமிர் ஒரு பக்கம். நீ வற்புறுத்தவில்லை. சிலேட்டை உன் மகளுக்குக் கொடுத்துவிட்டாய்.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் காலை பத்து மணிக்குப் பரீட்சை. ஹால் டிக்கெட்டுகள் சென்னையிலிருந்து தாமதமாக வந்ததால் அன்று காலைதான் அனுப்ப வேண்டியிருந்தது. கூடவே தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியும் ஆய்வுக்கு வந்து நடு அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன நீ முதல் பஸ்ஸில் திரும்பியிருக்க வேண்டும். வரவில்லை. வழியில் டயர் வெடித்து, தேவிபட்டினத்துக்கு முன்னால் வண்டி நின்றுபோனது எங்களுக்கு எப்படித் தெரியும்?

மணி எட்டு. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். ஹெட் கிளார்க்கே எழுந்து வந்து மூன்று கட்டையும் கட்டினார். அழகாக, ஒழுங்காக, மூன்றுக்கும் ஒரே முடிச்சு! நம் முடிச்சுக் கணக்கு அவருக்கு எங்கே தெரியும்? அரக்கு ஊற்றி என் கையில் கொடுத்து, "எட்டரை வண்டிகள்ல போட்டுட்டு வாலே" என்றார்.

மங்கலத்துக் கட்டு பருமன். அதைத் தெரிந்துகொண்டேன். மற்ற இரண்டும் ஒரே கனம். மேலே ஊர்ப் பெயர் எழுதியிருந்தது, எனக்கு அது வெறும் கோடு. கேட்டிருக்கலாம். ஆனால் அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் "வாசிக்கத் தெரியாதா?" என்பார். பஸ் நிலையத்தில் கண்டக்டரிடம் காட்டியிருக்கலாம். அங்கேயும் என் காக்கிச் சட்டை கேட்கவிடவில்லை. வலது கையில் இருந்தது தொண்டி என்று நானே முடிவு செய்து ஏற்றிவிட்டேன்.

பத்தரைக்கு டெலிபோன் அடித்தது. தொண்டிப் பள்ளித் தலைமை ஆசிரியர். முதுகுளத்தூர் ஆட்களின் ஹால் டிக்கெட் அங்கே போயிருக்கிறது. தொண்டிக்காரர்கள் பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கிறார்கள். சீட்டு இல்லாமல் யாரையும் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள், ஒரு வருஷம் போய்விடும். அந்த நேரத்தில்தான் நீ உடம்பெல்லாம் புழுதியோடு உள்ளே வந்தாய். மேசையில் கிடந்த மிச்சக் கயிற்றைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். உனக்குப் புரிந்துவிட்டது.

நீ திட்டவில்லை. டெலிபோனை வாங்கி, "அந்தக் கட்டைப் பிரிக்காம அடுத்த வண்டியில திருப்பி ஏத்திருங்க சார்" என்றாய். என் பக்கம் திரும்பினாய். "அது இங்கன வந்ததும் நீ ஒரு மணி வண்டிக்கு முதுகுளத்தூர் போற. இதைக் குடுத்துட்டு எங்க ஊரு கட்டை வாங்கிட்டு அஞ்சு மணிக்குள்ள வார. நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்."

அப்படியே போனேன். திரும்பும்போது எங்கள் வண்டி பத்து நிமிடம் தாமதம். பஸ் நிலையத்துக்குள் நுழைந்தபோது நான் கண்ட காட்சியை இப்போதும் சொல்லிச் சிரிப்பேன். தொண்டி வண்டி கிளம்பி உறுமிக்கொண்டிருக்கிறது. அதற்கு நேர் முன்னால் டைப்பிஸ்ட் அக்கா குடையை விரித்துக்கொண்டு நிற்கிறார்.

"நகருங்கம்மா, டயம் ஆச்சு!" என்று டிரைவர் கத்துகிறார்.

"என் மேல ஏத்திட்டுப் போயேன். நாளைக்குப் பரீட்சை எழுதுறவன்ல உன் மச்சினனும் இருக்கானாம்ல? அவன்கிட்ட நீயே சொல்லிக்க."

டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டார். நான் ஓடிப்போய்க் கட்டை உன்னிடம் கொடுத்தேன். காலையில் ஊரிலிருந்து வந்தவன் சாயங்காலம் அதே ஊருக்குப் புறப்பட்டாய். படியில் நின்றுகொண்டு ஒன்று சொன்னாய்.

"இது எந்த ஊருன்னு வாயத் தொறந்து கேட்டா என்ன மாப்ளே? உன் மீசையா உதுந்துரும்?"

எட்டு மணிக்கெல்லாம் தொண்டியில் எல்லாருக்கும் சீட்டைக் கொடுத்துவிட்டாய். பரீட்சை யாருக்கும் போகவில்லை. ஆனால் என் கதை முடியவில்லை. அடுத்த நாள் மத்தியானம் நீ திரும்பி வந்ததும் அதிகாரி நம் நாலு பேரையும் கூப்பிட்டார். ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார்.

"நடந்ததை உன் கைப்பட எழுது. இங்கேயே."

பேனாவை எடுத்தேன். ஹெட் கிளார்க் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சார், கட்டுனது நான்…" அதற்குள் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "எழுதத் தெரியாது சார். வாசிக்கவும் தெரியாது" என்றேன். நாலு வருஷம் தொண்டையில் சிக்கியிருந்த முள் வெளியே வந்ததுபோல இருந்தது. பயம் அப்புறம்தான் வந்தது.

அதிகாரி ஹெட் கிளார்க்கைப் பார்த்தார். "இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

நான் திடுக்கிட்டேன். அக்கா குறுக்கே பேசினார். "தினமும் காலையில நோட்டீசை எல்லாம் நான் சத்தமா வாசிக்கிறேனே, எனக்கு என்ன கிறுக்கா சார்? இவனுக்குத்தான் வாசிச்சேன்." அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. ஹெட் கிளார்க் ஒரு நாளும் ஃபைலின் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. "மேல் தட்டு, இடது பக்கம், மூணாவது" என்றுதான் கேட்பார். நான் மறைத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்ததை ஆபீசே சேர்ந்து மறைத்திருக்கிறது. ஒருவரும் அதை வைத்து என்னைக் கேலி செய்ததில்லை. கரி பிடித்த சட்டியில் நான் காப்பி போட்டதற்குக்கூட என்னைக் கேலி செய்தவர்கள்!

நீ முன்னால் வந்தாய். "சார், விளக்கம் அவருதுதான் வேணும். அவரு சொல்லட்டும், நான் எழுதுறேன். சாட்சி வச்சு கையெழுத்து வாங்கிக்கலாம்ல?"

அதிகாரி சற்று யோசித்துத் தலையசைத்தார். நான் சொல்லச் சொல்ல நீ எழுதினாய். முடிச்சுகளைப் பற்றிச் சொன்னேன். அன்றைக்கு முடிச்சு ஒன்றுபோல் இருந்ததைச் சொன்னேன். கடைசியில், "தெரியவில்லை என்று கேட்டிருக்க வேண்டும், கேட்க வெட்கப்பட்டேன், தப்பு என்னுடையது" என்றேன். அந்த இடத்தில் உன் பேனா நின்றது. "தப்பு உன்னதுன்னு போடணுமா?" என்று மெதுவாகக் கேட்டாய். "போடு" என்றேன். போட்டாய்.

அதிகாரி அதை உரக்க வாசித்தார். நான் பேசினது காகிதத்திலிருந்து இன்னொருவர் வாயில் வந்ததை முதல் தடவையாகக் கேட்டேன். அவர் நெல் மூட்டை முடிச்சை எப்படிப் போடுவது என்று கேட்டார். போட்டுக் காட்டினேன். கயிற்றின் காதைத் தொட்டுப் பார்த்தார். நீங்கள் மூன்று பேரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டீர்கள். அதன் கீழே ஹெட் கிளார்க், யாரும் கேட்காமலே, இந்த ஆள் எங்களுக்கு வேண்டும் என்று ஒரு வரி எழுதினார்.

உத்தரவு வர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று உன் வீட்டிலிருந்து இடியாப்பம் கொண்டுவருவாய். "வேலை போனா எங்க ஊருக்கு வந்துரு. எங்க வாப்பா வத்தையில மீன்பிடிக்க ஒரு ஆளு குறையுது" என்பாய். கடலில் எனக்குத் தலை சுற்றும் என்று உனக்கு நன்றாகத் தெரியும்.

உத்தரவை அக்கா சத்தமாக வாசித்தார். எச்சரிக்கை. வேலையில் தொடரலாம். கட்டு வெளியே போகும் முன் இரண்டு பேர் ஊர்ப் பெயரை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஹெட் கிளார்க் மூக்கைச் சிந்திக்கொண்டு, "போய் நாலு டீ சொல்லுலே" என்றார். அன்று முதல் நீ "தொண்டி!" என்று கத்துவாய். நானும் "தொண்டி!" என்று கத்துவேன். வாசலில் போகிறவர்கள் பஸ் கண்டக்டர்கள் என்று நினைத்திருப்பார்கள். ஓய்வு பெறும் வரை அந்த ஆபீசில்தான் இருந்தேன்.

உன்னை அடக்கம் செய்த அன்று தொண்டிக்கு வந்தேன். எல்லாரும் மூன்று கைப்பிடி மண் போட்டார்கள். நான் போடலாமா என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற உன் மருமகனிடம் கேட்டேன். "போடுங்க மாமா, உங்களுக்கு இல்லாததா" என்றார். போட்டேன். கேட்டதால்தான் போட்டேன் மச்சான். கேட்காமல் இருந்திருந்தால் தள்ளி நின்றுவிட்டு வந்திருப்பேன்.

உன்னிடமிருந்து எனக்குத் தங்கியிருப்பது இதுதான். வகுப்பில் சேர்ந்த அன்றைக்கும் அப்படித்தான். பள்ளிக்கூட வாசலில் நின்று, "இந்த வயசுல சேத்துக்குவீங்களா?" என்று உரக்கக் கேட்டேன். இப்போதும் ஒரு எழுத்தில் தடுக்கினால் அறை முழுக்கக் கேட்கும்படி கேட்கிறேன். மற்றவர்கள் சிரித்தால் நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

நேற்று பெரியாஸ்பத்திரியில் மாத்திரை வாங்கினேன். இரண்டு அட்டை, ஒரே நிறம், ஒரே அளவு. ஜன்னலில் இருந்த பெண்ணிடம், "இதுல எது காலையில, எது சாயங்காலம் தாயி?" என்று கேட்டேன்.

"கவர் மேலேயே எழுதியிருக்கே தாத்தா. வாசிக்கத் தெரியாதா?"

"தெரியும் தாயி. வாசிச்சுட்டேன்" என்றேன். "நீயும் ஒரு தடவ சொல்லிரு."