மாமாவுக்கு எடுத்த கல்

ஸ்காபுரோ, ரொறன்ரோ
24.07.1997

அன்பின் மச்சான் இராஜரட்ணம் அவர்களுக்கு,

இழவு வீட்டுக்கு எழுதும்போது சுகம் விசாரிப்பது முறையில்லை. மாமி வேளைக்குச் சாப்பிடுகிறாவா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே பிள்ளைகள் கிருபனும் நிலக்சியும் சுகம். உங்கள் தங்கச்சி பாலேஸ்வரியும் நல்ல சுகம். அவள் சுகமாக இருப்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அவளுக்கு மயக்கமும் வரவில்லை, டாக்டர் ஊசி போடவுமில்லை. மாமா, அவளைப் பெற்ற ஐயா, செத்துப்போனது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

எழுதிவிட்டேன். இனி நீங்கள் என்னை என்ன பேச்சுப் பேசினாலும் எனக்கு வேண்டியதுதான்.

நாலாம் தேதி காலை நீங்கள் கொழும்பிலிருந்து போன் எடுத்தபோது அவள் வேலையில். “ஐயா போயிட்டார், அவளுக்குப் பக்குவமாச் சொல்லுங்கோ” என்றீர்கள். ஓம் என்றேன். அப்போது வாசலில் ட்ரெய்லர் நின்றது. ஒஷாவாவில் என்னோடு வேலைசெய்யும் வெள்ளைக்காரர் இரண்டு கிழமைக்கு இரவல் தந்தது. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகலாம், படுக்கலாம், சமைக்கலாம். அரிசோனாப் பாலைவனத்துப் பள்ளத்தாக்குகளைப் பார்க்கப் போகிறோம் என்று நான் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தேன். ஆறு வருடத்தில் கிடைத்த முதல் லீவு. இரவு வேலை, பகல் வேலை என்று ஓடிய ஆறு வருடம்.

பாவம், அவளும் பிள்ளைகளும் ஆசைப்பட்டார்கள், அவர்களுக்காகத்தான் மறைத்தேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. ஆசை எனக்குத்தான், மச்சான்.

பின்னேரம் நானே உங்களுக்குத் திரும்ப எடுத்து, கேட்டதும் மயங்கி விழுந்தாள், டாக்டர் ஊசி போட்டுப் படுக்க வைத்திருக்கிறார் என்று அந்த மயக்கக் கதையை அவிழ்த்துவிட்டேன். ஒருக்கா அவளோடு கதைக்க விடச்சொன்னீர்கள். நித்திரை என்றேன். அவள் அந்நேரம் குசினியில் வழிக்கென்று கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். நீங்கள் கோபிக்கவுமில்லை. ஐயாவின் பெட்டியை மூடாமல் மூன்று நாள் வைத்திருக்கிறேன், சுகம் வந்தால் பிளேன் ஏற்றிவிடுங்கள் என்றீர்கள். வரமுடியாவிட்டால் முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் போட மகள் புலம்பலாவது எழுதி அனுப்பச் சொன்னீர்கள்.

நீங்கள் கொள்ளி வைத்த அன்று எங்கள் ட்ரெய்லர் அடுப்பில் கோழிக்கறி. எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லித் தள்ளினேன். உங்கள் தங்கச்சி பதறிப்போய் கொத்தமல்லி அவித்துத் தந்தாள். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

பள்ளத்தாக்கைப் பற்றி எழுத எனக்கு வாயில்லை. சிவந்த மலையை யாரோ அடுக்கடுக்காக வெட்டி வைத்தமாதிரி, கண் எட்டாத ஆழம். பாலேஸ்வரி விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஐயா போர்ட்டிலை கீறிக் காட்டினது அப்பிடியே கிடக்குது” என்றாள். மாமா பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் படிப்பித்தவர் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அவர் காணாமலே படிப்பித்த இடத்தை அவருக்குக் காட்டவேண்டும் என்று சொல்லி, படம் படமாக எடுத்தாள். வெளியில் கடையில் விற்ற ஒரு சிவப்புக் கல்லை அவருக்கென்று வாங்கினாள்.

அன்று அவள் பிள்ளைகளோடு விளிம்பில் நிற்க, நான் ட்ரெய்லருக்குப் பக்கத்து மேசையில் இருந்து அவளுடைய புலம்பலை எழுதினேன். “என்னைப் பெற்ற ஐயாவே” என்று தொடங்கி எட்டு வரி. அங்கேயே தபாலில் போட்டேன். அமெரிக்க முத்திரையைப் பார்த்து நீங்கள் யோசித்திருப்பீர்கள். அதில் ஒரு சொல்லும் அவளுடையதல்ல. உயிரோடு சிரித்துக்கொண்டு நிற்கிறவளின் அழுகையைக் களவாக எழுதியவன் நான்.

திரும்பி வர உங்கள் கடிதம் அவள் பெயருக்கு வந்து கிடந்தது. நான்தான் உடைத்தேன். நாலு திட்டு எழுதியிருப்பீர்கள் என்று நினைத்தேன். உடம்பைப் பார்த்துக்கொள், அழாதே, வராததற்கு ஐயா குறை நினைக்கமாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது இப்போது கார் டாஷ்போர்ட்டுக்குள் கிடக்கிறது. போன் வயரையும் கழற்றிவிட்டு, பழுது என்று சொல்லி வைத்திருக்கிறேன். கள்ளன்கூட இவ்வளவு பாடுபடமாட்டான்.

இன்றோடு முடிந்தது. நாளை மத்தியானம் இங்கே எங்களுக்குத் தெரிந்த நீக்கிலாப்பிள்ளை கொழும்புக்குப் புறப்படுகிறார். அவர் கையில் கொடுத்துவிட பாலேஸ்வரி ஒரு பார்சல் கட்டி மேசையில் வைத்திருக்கிறாள். உள்ளே அந்தக் கல்லும் படங்களும். மேலே மாமாவின் பெயரை முத்து முத்தாக எழுதி, “ஐயா கையில் மட்டும் கொடுக்கவும்” என்று கீழே கோடும் இழுத்திருக்கிறாள். அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். இதையும் நீக்கிலாப்பிள்ளையிடமே கொடுத்துவிடுவேன்.

அவர் வருமுன் அவளுக்குச் சொல்லிவிடுவேன். சத்தியம் பண்ணினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால் பண்ணவில்லை. முப்பத்தோராம் நாளுக்கு வர அவள் விரும்பினால் எப்பாடுபட்டும் ஏற்றிவிடுவேன். கல்வெட்டை இன்னும் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். நான் அனுப்பியதைக் கிழித்துப் போடுங்கள். அந்தப் பக்கத்தை வெறுமையாக வைத்திருங்கள், அவளே எழுதட்டும். எழுத மாட்டேன் என்றால் வெறுமையாகவே போகட்டும்.

இன்னும் ஒன்று கேட்கிறேன், கேட்க உரிமையில்லாவிட்டாலும். அவள் போன் எடுப்பாள். அழுவாள், உங்களை எல்லாம் கேட்பாள். எல்லாவற்றையும் சொல்லுங்கள். என்னைப் பற்றி எதையும் மறைக்காதீர்கள். பெட்டியை மூடாமல் மூன்று நாள் அவளுக்காக வைத்திருந்ததை மட்டும் நீங்கள் சொல்லவேண்டாம்.

அதை நான்தான் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும்.

மாமியின் காலில் விழுந்ததாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு மருமகன் என்று எழுதக் கூசும்
சச்சிதானந்தன்