செவலையின் பதினாறாம் நாள்

நாள் 15, காலை 07:10
பதிவு: முத்துக்கறுப்பன், நிலாத் தொழுவக் காவல். பத்தாம் வகுப்பு, இரண்டாம் முயற்சியில் பாஸ்.
செவலைப் பசுவின் உடல் வெப்பம் 38.5. வைத்த தீவனத்தைத் தின்று முடித்தாள். சினை பதினைந்தாம் நாள்.
நிலாவில் எல்லாம் மெதுவாகத்தான் விழும். காலை நேரலையில் என் வேட்டியும் மெதுவாகத்தான் அவிழ்ந்தது. மகளின் குழு மொத்தமும் நிதானமாகப் பார்த்தது.

நாள் 15, மாலை 16:30
மூன்று நாளாகக் கடுங்காப்பி. செவலை பாலை அடக்கிக்கொண்டாள். ஊரில் பால்காரர்கள் போடும் சுரப்பு ஊசியைப் பாதி போட்டேன். பால் வந்தது. உதையும் வந்தது, என் வலது விலாவில். டீ பிரமாதம்.

நாள் 16, காலை 06:05
செவலையின் உடல்நிலை காட்டும் கருவியில் சிவப்பு விளக்கு. சுற்றுப்பாதை நிலையத்திலிருந்து மகள் எழில்:
“அப்பா, கருப்பையில எஃப் ரசாயனம் நாலு மடங்கு ஏறியிருக்கு. ஏதாச்சும் ஊசி போட்டீங்களா?”
“சுரப்பு ஊசி. பாதிதான்.”
“எதுக்குப்பா?”
“டீக்கு.”
“அந்த ஊசிதான் கருப்பையைக் கிளப்பி விட்டிருக்கு. எஃப் போய் சினைப்பையில இருக்கிற மஞ்சள் கட்டியைக் கரைச்சிரும். சினையைக் காக்குற ஹார்மோன் அங்கதான் ஊறுது. கரு இப்பதான் ‘நான் இருக்கேன்’னு கருப்பைக்குச் சேதி அனுப்புது. அது எடுபடலேன்னா போச்சு.”
ஏழு கரு கலைந்துவிட்டது. இது எட்டாவது. வேறு கரு கிடையாது. அவளுடைய ஆறு வருஷ ஆராய்ச்சி.

06:50
“வலி மருந்து எஃப் ஊறுறதைத் தடுக்கும். மாட்டு மருந்து அங்க இல்ல. உங்க மருந்துப் பெட்டியில வலி ஊசி எத்தனை குப்பி இருக்கு?”
“பன்னிரண்டு.”
“பன்னிரண்டும் வேணும். உங்களுக்கு வலி ஒண்ணும் இல்லையே?”
“எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்.”
விலா வலிக்கு எனக்கென்று உடைத்து வைத்திருந்த குப்பியும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. எல்லாம் செவலையின் நரம்புக்குள் போயிற்று. குனிந்தால் நிமிர முடியவில்லை.

11:20
எஃப் இறங்குகிறது. மூன்று மடங்கு. இரண்டரை. சினையைக் காக்கும் ஹார்மோன் இன்னும் குறையவில்லை. உட்கார்ந்தே எழுதுகிறேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது.

17:40
எஃப் பழைய அளவு. கருவின் சேதி இரட்டிப்பு. செவலை அசை போடுகிறாள்.
எழில் அழுதுகொண்டே சிரித்தாள்: “நீங்க பண்ணின கூத்துக்கு, கன்னுக்கு உங்க பேருதான். ஆறு நாள்ல இறங்குறேன். ஏன்ப்பா மூச்சு வாங்குது?”
“மாட்டோட மல்லுக்கட்டினேன்ல.”
வலியைச் சொன்னால் இப்போதே கிளம்பிவிடுவாள். நிலையத்திலிருந்து இங்கே இறங்கும் படகு இன்னும் சோதித்து முடிக்காதது.

18:25
எஃப் சரி. செவலை சரி. கையெழுத்து கோணல், மன்னிக்கவும்.
உதைபட்ட விலா உள்ளே குத்துகிறது, இருமும்போது ரத்தம் வருகிறது. காலையிலிருந்தே. அதை மட்டும் அவளிடம் சொல்ல