தனியாக வைத்த டம்ளர்

கரமனை ஆற்றங்கரைக் கோவிலிலிருந்து கணவர் நீலகண்டன் திரும்புவதற்குள், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக மகள் ஜானவி காரோடு வந்துவிட்டாள். கோமதி காலண்டர் தாளைக் கிழித்து, நின்றபடியே எழுதினாள்.

"ஏன்னா, மொளகூட்டல் அடுப்பு மேல இருக்கு. கெட்டியா இருந்தா வெந்நீர் விட்டுக்கோங்கோ. கேஸ் சிலிண்டர் வரும், பின்பக்கம் வெக்கச் சொல்லுங்கோ.

நேத்து என் டம்ளரைத் தனியா ஜன்னல்ல எடுத்து வெச்சேளே, பாத்தேன். சண்டை போடத் தெம்பில்லாம படுத்துண்டேன். கேன்சர் கட்டியை எடுத்த இடத்துல ஆஸ்பத்திரியில குழாய் சொருகி விட்டிருக்காளே, ரேடியேஷன் தர்ற சின்னத் துண்டு அது வழியா உள்ள வந்து, கொஞ்ச நிமிஷத்துல மெஷினுக்கே திரும்பிடறது. எனக்குள்ள ஒண்ணும் தங்காதுன்னு டாக்டர் சொன்னார். நீங்க பயந்துண்டு வெளியிலேயே நின்னேள்.

கல்யாணமான புதுசுல, மாசம் மூணு நாள் என்னைக் கொல்லை அறையில தனியா உக்கார வெப்பா. உங்கம்மா குளிக்கப் போற நேரம் பாத்து, நீங்க குடிச்ச காபியில பாதியை என் கையில குடுப்பேள். 'தொட்டா ஒண்ணும் ஆயிடாது, குடி'ன்னு சிரிப்பேள். அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணுலயே நிக்கறது."

"அம்மா, லேட்டாறது!" என்றாள் ஜானவி வாசலிலிருந்து.

கதவுவரை போன கோமதி திரும்பி வந்தாள். ஜன்னலில் இருந்த டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு கவிழ்த்துவிட்டு, தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"சாயங்காலம் வந்துடுவேன். ஒரு டம்ளர் காபி மட்டும் போட்டு வைங்கோ. எனக்குப் பாதி போறும்."